சல்யூட் வேண்டாத சமையலறை

மழையில் நனைந்து வந்த ராணுவத் தொப்பிக்கென்று ஒரு வாடை உண்டு. வியர்வை, கஞ்சி, கொசு மருந்து, பூட் பாலிஷ் எல்லாம் கலந்து, காய்ந்தும் காயாத துணியிலிருந்து கிளம்பி, தீவின் மேற்கு மூலையிலுள்ள பூன் லேயில் நாங்கள் குடியிருந்த நாலறை வீட்டின் வாசலை அது நிறைத்துவிடும். அந்த வாடை மூக்கில் பட்டதும் நானும் அக்காவும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஓடிப்போய், குதிகாலைச் சேர்த்து நின்று, வலது கையைப் புருவத்துக்கு உயர்த்துவோம். அப்பாவும் இரும்புக் கதவுக்கு வெளியே நிமிர்ந்து நின்று, சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் பதில் சல்யூட் அடித்துவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்றுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா வசந்தி என்னைவிட எட்டு வயது மூத்தவள். அந்த வயதில் அவள் இந்தக் கூத்துக்கு உடன்பட்டது எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா வாரண்ட் ஆபீசர். முகாமில் பையன்களின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முடி, பூட்ஸ், பித்தான், நடை, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு வந்த பையன்கள் அவரை "என்சிக்" என்று கூப்பிடுவார்கள். மலாய்ச் சொல்தான், ஐயா என்று பொருள், ஆனால் அவர்கள் வாயில் அது கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் வெளியே வரும். ராணுவ வழக்கப்படி சல்யூட் என்பது கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு மட்டுமே, வாரண்ட் ஆபீசருக்குக் கிடையாது. "எனக்கு சல்யூட் இல்ல, பயம் மட்டும்தான்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அவருக்கு சல்யூட் கிடைத்தது எங்கள் வீட்டு வாசலில் மட்டும்தான் என்பது நான் வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தொப்பி விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது. கூரைக்கு வெளியே வந்தால் தொப்பி தலையில் இருக்க வேண்டும், கூரைக்குள் நுழைந்தால் கழற்றிவிட வேண்டும். தொப்பி இல்லாத தலைக்கு சல்யூட் அடிக்கும் உரிமை இல்லை. நேராக நின்று வாயால் வணக்கம் சொன்னால் போதும். ஒருநாள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்ற அப்பாவுக்கு நான் சல்யூட் அடித்தபோது, "தொப்பி இல்லாம கையத் தூக்குனா அது சல்யூட் இல்ல, கொசு ஓட்டுறது" என்றார். அன்றிலிருந்து பள்ளித் தொப்பியை வாசல் ஆணியிலேயே மாட்டி வைத்துக்கொண்டேன்.

இந்த விதிகளுக்கெல்லாம் விலக்காக முகாமில் ஓர் இடம் இருந்தது. அலுவலகக் கட்டடத்திலிருந்து "குக்ஹவுஸ்" எனப்படும் சாப்பாட்டுக்கூடம் வரை போகும் பாதை அது. அங்கே தொப்பியும் வேண்டாம், சல்யூட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்டால் அப்பா ஆசையோடு விளக்குவார்: "எரநூறு பேரு சாப்பிடப் போற வழி அது. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ஆபீசருக்கும் கையத் தூக்கிக்கிட்டே போனா சோறு ஆறிடும் லா. அதான் ஆர்டர் போட்டு, போர்டு வெச்சு, தரையில கோடும் போட்டிருக்கோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கர்னலும் சாப்பிட வந்தவன், சிப்பாயும் சாப்பிட வந்தவன்."

அந்தக் கோடு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். அம்மா மருத்துவமனையில் வார்டு உதவியாளர். மாலை ஷிப்ட் இருக்கும் நாள்களில் அப்பாதான் சமைப்பார். நான்கு பேருக்குச் சமைக்கத் தெரியாது அவருக்கு, நாற்பது பேருக்குத்தான் தெரியும். அப்படியொரு மாலையில் டின் சார்டின் மீனைப் பெரிய சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவர், நான் சமையலறைக்கு வெளியே நின்று அழுவதைப் பார்த்தார். கணக்குப் பரீட்சையில் நாற்பத்தொன்று வாங்கியிருந்தேன், விடைத்தாளை அரிசி வாளிக்குள் புதைத்திருந்தேன். என்ன என்று இரண்டு முறை கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. அப்பா அடுப்பை அணைத்தார். தன் பையிலிருந்து முகாமில் பெட்டிகளுக்கு அடையாளம் ஒட்டும் மஞ்சள் டேப்பை எடுத்து, சமையலறை வாசலில் சுவரிலிருந்து சுவர் வரை ஒரு கோடு ஒட்டினார்.

"இதுக்கு உள்ள குக்ஹவுஸ். உள்ள வந்துட்டா ரேங்க் கிடையாது. இங்க என்ன சொன்னாலும் அது வெளிய போவாது, அதுக்குப் பனிஷ்மென்ட்டும் கிடையாது. இப்ப உள்ள வந்து சொல்லு."

கோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். அப்பா அடுப்பை மறுபடி பற்றவைத்தார். "அரிசியிலயா ஒளிச்சு வெச்ச? அதான் நேத்து சோத்துல காகிதம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அடி இல்லை, திட்டு இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. மறுநாள் எதுவும் தெரியாதவர் போல் என் கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு அந்தக் கோடு எங்கள் குடும்பத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது. அப்பாவிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், "அப்பா, கிச்சனுக்கு வாங்க" என்போம். அவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார். அதை எல்லாரையும்விட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் அம்மா. பாத்திரம் கழுவிக்கொண்டே, அப்பாவின் தங்கை பேசிய பேச்சிலிருந்து அப்பா மறந்துபோன கல்யாண நாள் வரை ஒன்றுவிடாமல் எடுத்து வீசுவார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுக் கடைசியில், "நோட்டட்" என்பார், குறித்துக்கொண்டேன் என்று. அக்காவும் அங்கே நின்றுதான் எஞ்சினியரிங் படிப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். முகம் சுருங்கிப் போனாலும் அப்பா வார்த்தை தவறவில்லை, வேறு படிப்புக்கு மாறக் கையெழுத்துப் போட்டார். அக்கா அன்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். இந்த வீட்டில் எனக்கு எதுவும் ஆகாது என்று நான் நம்பியது அப்போதுதான்.

எனக்குப் பத்து வயது முடிந்த வருடம் அக்காவுக்கு ஜெரோம் பழக்கமானார். தீவின் கிழக்கே பிடோக்கில் குடியிருந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். தேவாலயப் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். தேசிய சேவையில் இருந்தார், அதுவும் சரியாக அப்பாவின் முகாமில். சனிக்கிழமைதோறும் அக்கா டியூஷன் என்று சொல்லிவிட்டு, துணைக்கு என்று அம்மா ஒட்டிவிட்ட என்னையும் இழுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறி, பஸ் மாறி ஃபேரர் பார்க் வட்டாரத்துக்குப் போவாள். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில், மதியம் முகாமிலிருந்து வாரக் கடைசி விடுப்பில் "புக் அவுட்" ஆன ஜெரோம் சீருடையோடு காத்திருப்பார். எனக்குத் துருவிய ஐஸில் செய்த ஐஸ் கச்சாங் வாங்கித் தந்துவிட்டு இரண்டு பேரும் அடுத்த மேசையில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். கையைக்கூடத் தொட்டுக்கொண்டதில்லை.

முதல் நாள் நான் யார் மகள் என்று தெரிந்ததும் ஜெரோம் எழுந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாது" என்றேன்.

"ஐயோ, அப்படியே என்சிக் மாதிரியே பேசுது லா" என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அக்கா அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது எம்ஆர்டியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லக் கூடாது. படிப்பு முடிஞ்சதும் நானே அப்பாகிட்ட கிச்சன்ல சொல்லிடுவேன். அதுவரைக்கும் நீ வாயத் தெறக்காத, என் செல்லம்ல?" என்றாள். சத்தியம் செய்தேன். மூன்று மாதம் காப்பாற்றவும் செய்தேன். பத்து வயதுக்கு மூன்று மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை மாலை. அம்மா ஷிப்டில், அக்கா கல்லூரியில். நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே, "சின்னது, கிச்சனுக்கு வா" என்று கூப்பிட்டார். அதுவரை நாங்கள்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் எங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. கோட்டைத் தாண்டிப் போய் நின்றேன்.

"அக்கா சனிக்கிழமை எங்க போறா?"

"டியூஷன்."

"நீ எங்க நிக்கிற?"

நான் குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். "கிச்சன்லப்பா."

"கிச்சன்ல பொய் சொல்லலாமா? இங்க சொல்றது வெளிய போவாது. அப்பா என்னைக்காவது சொன்னத மீறியிருக்கேனா?"

மீறியதில்லை. அதுதான் விஷயமே. என் பத்து வயது மூளை அங்கே நின்றபடியே ஒரு தீர்ப்பு எழுதியது: யாரிடமும் சொல்லாதே என்றால் வெளியே யாரிடமும் சொல்லாதே என்றுதான் அர்த்தம், சமையலறையில் சொல்வது சொன்னதாகவே ஆகாது. எல்லாவற்றையும் கொட்டினேன். பெயர், கடை, பிடோக், கிட்டார், ஐஸ் கச்சாங்கின் மேல் ஊற்றிய சிவப்பு சிரப் வரைக்கும். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது. அப்பா உருளைக்கிழங்கை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் "நோட்டட்" என்றார். நான் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து முகாமில் குடும்ப தினம். மனைவி, பிள்ளைகளை அழைத்து வந்து டாங்கியில் ஏற்றிக் காட்டி, குக்ஹவுஸில் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். அன்று அங்கே உதவிக்கு நின்ற பையன்களில் ஜெரோமும் இருந்தார், குக்ஹவுஸ் வாசலில் பண்டுங் என்ற ரோஸ் பால் ஊற்றிக்கொண்டு. அக்கா அவரைப் பார்த்ததும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் குறுகுறுவென்று இருந்தது.

அப்பா எங்களை அந்தப் பாதை வழியாகத்தான் அழைத்துப் போனார். போர்டைக் காட்டினார், தரையில் வெள்ளைக் கோட்டைக் காட்டினார், தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், ஜெரோமிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஜெரோம் கையிலிருந்த கெண்டியை வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தார். இரண்டு பேரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெயிலுக்குப் போனார்கள். அப்பா தொப்பியை எடுத்து, மடிப்பு நீக்கி, தலையில் சரியாக வைத்தார். ஜெரோமையும் வைக்கச் சொல்லிக் காத்திருந்தார். அதன் பிறகுதான் ஆரம்பித்தார்.

முடி நீளம் என்றார், பூட்ஸில் பளபளப்பு இல்லை என்றார், நிற்பது சரியில்லை என்றார், எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் நூறு குடும்பங்களுக்குக் கேட்கும்படி. பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜெரோம் ஒவ்வொன்றுக்கும் "எஸ், என்சிக்" என்று சொல்லிக்கொண்டு நேரே பார்த்து நின்றார். கடைசியில் அப்பா ஒரே ஒரு வாக்கியம் தமிழில் சொன்னார்.

"ஃபேரர் பார்க்ல சாப்பாடு நல்லா இருக்குதோ?"

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, ஜெரோமையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஜெரோமுக்கு நான்கு வாரக் கடைசிகள் முகாமை விட்டு வெளியேறத் தடை. அதற்குள் தீவின் மறுகோடியில் இன்னொரு முகாமுக்கு மாற்றலும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பையன்களிடம் கைத்தொலைபேசி கிடையாது. அவர் எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணுவதும் நடக்காத காரியம். ஒரு கடிதம் வந்ததாகவும் அம்மா அதைக் கிழித்ததாகவும் பின்னாளில் கேள்விப்பட்டேன், உண்மையா தெரியாது. அவர் என்ன ஆனார் என்பதும் எனக்குத் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்: "நீதானே?"

"கிச்சன்லதான்க்கா சொன்னேன்."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கிச்சன்லதான் சொன்னியா" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அப்பாவிடம் போனேன். வெளியே போவாது என்று சொன்னீர்களே என்று அழுதேன். அவர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கமாண்டர் நெனச்சா சல்யூட் இல்லாத எந்த ஏரியாவையும் எடுத்துடலாம். கிச்சன் இப்ப அந்த ஏரியா இல்ல" என்றார்.

அம்மாவுக்கும் அந்தப் பையன் வேண்டாம்தான், மதம் வேறு என்பதால். இருந்தாலும் அவர் சும்மா இருக்கவில்லை. "எடுக்குறவரு முன்னாடியே நோட்டீஸ் போட்டிருக்கணும்ல? புள்ளைய உள்ள கூப்பிட்டுப் பேச வெச்சிட்டு, அப்புறமா எடுத்தா எப்படிங்க?" என்றார். அப்பா மற்ற பூட்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் அம்மாவே கத்தியால் சுரண்டி அந்த டேப்பை எடுத்துவிட்டார். பசை மட்டும் பல வருடம் தரையில் அழுக்குப் பிடித்துக் கிடந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார், அம்மா படுக்கையில் கிடந்த ஒரு வருடமும் அவருக்குச் சோறூட்டினார். ஆனால் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். அன்று வெயிலில் நடந்ததை மனத்தில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முகாமின் வெள்ளைக் கோட்டுக்குள் வைத்து அவர் ஜெரோமை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. யாரோ ஒரு பையனை, தனக்குப் பிடிக்காத பையனை, விதிப்படி வெளியே அழைத்துப் போய், தொப்பி வைத்து, வைக்கச் சொல்லி, அதன் பிறகுதான் கோபித்தார். அவ்வளவு சுத்தமாக விதியைக் காத்த மனிதர், தன் மகளுக்குத் தானே போட்டுக் கொடுத்த கோட்டை மட்டும் வலையாக விரித்தார். ராணுவத்துக்குக் கொடுத்த மரியாதையில் ஒரு பங்கை எனக்குக் கொடுத்திருக்கலாம். அலுவலகத்தில் இதை ஒரு தடவை சொன்னேன். சின்னப் பிள்ளை விஷயம், இதைப் போய் இத்தனை வருடம் சுமப்பார்களா என்று சிரித்தார்கள். ஏமாந்தது நான் மட்டும் என்றால் நானும் சிரித்திருப்பேன். என் வாயை வைத்து என் அக்காவை ஏமாற்றினார், அதுதான் செரிக்கவில்லை.

அந்த முகாம் இப்போது இல்லை. வேலி போட்டு, மரங்களை வெட்டி, வீடுகள் கட்டப் போகிறார்கள் என்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது சிவப்பு மண் மட்டும் தெரிகிறது. ஃபேரர் பார்க் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை. சனிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் போனால் இப்போதும் சீருடைப் பையன்கள் நாலைந்து பேர் தென்படுவார்கள். காதில் கருவி, கையில் தொலைபேசி. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயது, என்னோடுதான் இருக்கிறார், பூன் லேயிலேயே வேறொரு அடுக்குமாடி புளோக்கில்.

அக்கா, அப்பாவும் அம்மாவும் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிடோக்கில் இருக்கிறாள். பிடோக்கில் என்பது தற்செயல்தான், மாப்பிள்ளை வீடு அங்கே. தீபாவளிக்கு வருவாள், முறுக்கு கொண்டு வருவாள், என் மகனின் பரீட்சை பற்றி விசாரிப்பாள், மின்தூக்கி பழுதைப் பற்றிப் பேசுவாள். என்னோடு அவளுக்குச் சண்டை இல்லை. அவளைப் பற்றிய ஒரு செய்திகூட அவள் வாயிலிருந்து எனக்கு வருவதில்லை, அவ்வளவுதான். வீடு மாறியதை மாறிய பிறகு அறிந்தேன். வேலையை விட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அறிந்தேன்.

போன மாதம் அவள் மகள் ஃபேரர் பார்க்கில் என்னைச் சந்தித்தாள். தேநீரைக் குடிக்காமலே கலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: தன் அம்மாவுக்கு மார்பில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், நான்கு மாதம் ஆகிறது. "சித்தி, நான் சொன்னேன்னு அம்மாக்குத் தெரியக் கூடாது. சித்திகிட்ட மட்டும் சொல்லாதன்னு ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் தாங்கல." அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சித்திகிட்ட மட்டும் என்று அவள் சொன்னதை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "வசந்தி ஏன் இப்படி எளச்சுப் போயிட்டா? போன்ல கேட்டா ஒண்ணும் இல்லன்னு வெச்சிடறா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"உங்கிட்டக்கூடவா சொல்லல?"

"இல்லப்பா."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் செய்தித்தாளை விரித்தார். கிழவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அக்காவின் ரகசியத்தை இந்தத் தடவை அப்பாவிடமிருந்து காப்பாற்றிவிட்டேன். அதை அவளிடம் சொல்லத்தான் முடியாது, அவள் மகளைக் காட்டிக்கொடுக்காமல்.